கச்சான் என்றால் காற்றா, கடலையா? ஒரு நாவலின் உலகக் குறிப்புகளுக்கு மென்பொருள் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது திருகோணமலையில் 2024 ஒக்டோபரில் தொடங்கி 2025 ஓகஸ்டில் ஒரு மாதிரி முடிந்த விஷயம். சம்பந்தப்பட்டவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே இதில் அவர் ரீச்சர் மட்டும்தான். புவியியல் படிப்பிக்கிறவர். நான் நகரத்தில் சின்னதாக ஒரு கணினிக் கடையும் அதற்குள்ளேயே ஒரு மேசையில் புத்தகப் பக்க வடிவமைப்பும் வைத்திருக்கிறேன். மென்பொருள் தேர்ந்து கொடுப்பது என் தொழில் இல்லை, ஆனால் அவருடைய நாவலின் முதல் பன்னிரண்டு அத்தியாயங்களை மாதிரிக்கு வடிவமைத்துக் கொடுத்தபோது வாசித்துத் தொலைத்துவிட்டேன், அதில் வந்த வினைதான் இது.

நாவல் ஒரு கற்பனைத் துறைமுக நாட்டைப் பற்றியது. பெயர் நெய்தற்குடா. அந்த நாட்டை இரண்டு குடிகள் பங்குபோட்டு ஆளுகின்றன: வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஒரு குடி, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் வீசும் மாதங்களில் மற்றக் குடி. காற்று பெயர்ந்தால் ஆட்சி பெயரும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நம்ம பக்கம் வந்து வாடி போட்டுத் தொழில் செய்துவிட்டு, காற்று மாறினதும் திரும்பிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்ததில் வந்த யோசனை என்றார். நல்ல யோசனைதான். ஆனால் இப்படி ஒரு கதையில் எந்தச் சம்பவம் எந்த மாதத்தில் நடக்கிறது என்பது பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும், ஏனென்றால் மாதம் தப்பினால் ராசாவே தப்பு.

குறிப்புகள் ஏழெட்டு வருடமாகச் சேர்ந்தவை. நான்கு சீ.ஆர். கொப்பிகள், அதில் ஒன்று முழுக்க அந்த நாட்டின் முந்நூறு வருட வரலாறு. 2019 வரை டைப் செய்த வேர்ட் கோப்புகள் பாமினி எழுத்துருவில், அதற்குப் பிறகு வந்தவை யூனிகோடில். மகளைச் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி, பிறகு மகளை வெளியே அனுப்பிவிட்டுத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்திகளும் குரல் பதிவுகளும். வயதுக் கணக்குக்கு ஒரு எக்செல் தாள். இதைவிட, போனில் ஒரு குறிப்புச் செயலியில் இருந்த ஒரு தொகுதி 2021இல் போன் மாற்றினபோது போய்விட்டது, அதில் என்ன இருந்தது என்பதே அவருக்கு இப்போது ஞாபகமில்லை. ஒரு வகையில் அதுவும் ஒரு தகவல்தான், தொலைந்ததைத் தேட வேண்டி வரவில்லை என்பது.

முதலில் கண்ட பிழைகள்

பன்னிரண்டு அத்தியாயத்தில் நான் குறித்துக்கொண்ட முரண்பாடுகள் 23. பெரும்பாலும் சில்லறை. நாயகன் கோமாறனுக்கு இரண்டாம் அத்தியாயத்தில் பதினேழு வயது, எட்டு மாதம் கழித்துப் பத்தொன்பது. வாடை வீச வேண்டிய தை மாதத்தில் கச்சான் வீசுகிறது. குடாவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தோணியில் போக ஒரு இடத்தில் மூன்று நாழிகை, இன்னோரிடத்தில் அரை நாள்.

ஒன்று மட்டும் சில்லறை இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் கோமாறன் ஒரு பெண்ணை மாமி என்று கூப்பிடுகிறான், தகப்பனின் தங்கை. பதினோராம் அத்தியாயத்தில் அதே பெண்ணைச் சின்னம்மா என்கிறான். அவளுடைய மகளைத்தான் அவன் பிறகு கட்டப்போகிறான். மாமியின் மகள் என்றால் மச்சாள், முறை சரி. சின்னம்மாவின் மகள் என்றால் தங்கச்சி. ஒரு சொல்லில் நாவலின் காதலே கவிழ்ந்துவிடுகிறது. இதைக் காட்டினபோது ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, “தம்பி, இதுக்கெல்லாம் ஏதோ சொஃப்ட்வெயார் இருக்காமே, ஒண்டு பாத்துத் தாங்கோ” என்றார்.

மூன்று வாரப் பரிசோதனை

இங்கே நான் விட்ட பிழையை முதலே சொல்லிவிடுகிறேன். அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்காமல் நேரே மென்பொருள்களைப் பார்க்கப் போனேன். யூடியூப்பில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

முதலில் வேர்ல்ட் அன்வில். கற்பனை உலகம் கட்டுகிறவர்களுக்காகவே செய்த தளம், இனம், மதம், ஊர், படை என்று ஒவ்வொன்றுக்கும் கேள்விகளோடு படிவங்கள் தரும். ரீச்சர் இரண்டு மாலை இருந்து நெய்தற்குடாவின் மதங்களை நிரப்பினார், அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நாவலில் ஒரு வரி நகரவில்லை. கருவியின் குற்றமில்லை, படிவம் கேட்டால் பதில் எழுதாமல் இருக்க ஒரு ஆசிரியரால் முடியாது. ஆனால் கதை கேட்காத கேள்விக்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார் என்பது மூன்றாம் நாள் எனக்கே விளங்கியது. அதோடு இலவசக் கணக்கில் எழுதுவது பிறர் பார்க்கக்கூடியதாக இருக்கும், மறைத்து வைக்கப் பணம் கட்ட வேண்டும், அதுவும் டொலர் கணக்கில். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு மேலே போனதைப் பார்த்த யாரும் மாதச் சந்தா என்றால் ஒரு தரம் யோசிப்பார்கள்.

ஸ்க்ரிவ்னர் ஒரே தடவை பணம் கட்டினால் போதும், முப்பது நாள் பாவித்தும் பார்க்கலாம். நாவலையும் குறிப்பையும் ஒரே இடத்தில் வைத்து எழுதுகிறவர்களுக்கு அது பொருந்தும். ரீச்சர் வேர்டில் எழுதுகிறார், எனக்கும் வேர்ட் கோப்புத்தான் வேண்டும், எழுதும் இடத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. நோஷன் என்ற குறிப்புச் செயலியில் அட்டவணைகள் அழகு, ஆனால் அப்போது அதற்கு இணையம் வேண்டியிருந்தது. அவர் வீட்டில் இணையம் என்றால் போனின் டேட்டாதான், மாதக் கடைசியில் அது என்ன நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிட்லிவிக்கி, ஸிம் என்ற வேறு இரண்டு குறிப்பு மென்பொருள்களையும் நான் மட்டும் திறந்து பார்த்து மூடினேன்.

மூன்று வாரம் முடிந்தது. எழுதியது அரை அத்தியாயம்.

தாளில் வைத்த கணக்கு

நவம்பர் நடுவில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு கிழமைக்கு மென்பொருள் பேச்சே இல்லை. பக்கத்தில் ஒரு தாள், அதில் மூன்று நிரல்: திகதி, கேள்வி, எங்கே கிடைத்தது. எழுதிக்கொண்டு போகும்போது எதையாவது தேடுவதற்காகக் கையை எடுத்தால் உடனே ஒரு வரி. அவ்வளவுதான். கடையில் பழுதுக்கு வரும் மடிக்கணினிகளுக்கு நான் செய்வதும் இதுதான், முதலில் ‘என்ன செய்யும்போது நிக்குது’ என்று கேட்பேன், பிறகுதான் ஸ்குரூவைக் கழற்றுவேன். ஏன் இதை ரீச்சருக்கு முதலே செய்யவில்லை என்று தெரியவில்லை.

அந்த இரண்டு கிழமையில் ஒன்பது மாலை எழுதினார். தாளில் 41 வரி. அதில் 17 ‘எப்போது’ என்ற கேள்வி: இது என்ன மாதம், அப்போது இவனுக்கு என்ன வயது, அந்த மாதம் யார் ஆட்சி. அடுத்த 12 பெயரும் முறையும்: ஓடாவிக் கிழவரின் பெயரில் வருவது ளகரமா ழகரமா, இவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள். ஆறு கேள்வி தூரம் பற்றியது. மிச்சம் உதிரி, ஒரு படகின் நிறம், ஒரு நேர்த்திக்கடன்.

முந்நூறு வருட வரலாறு எழுதின கொப்பியை அவர் ஒரு தரமும் திறக்கவில்லை.

இதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கவலைதான். “அப்ப அவ்வளவும் சும்மாவா எழுதினனான்?” என்று கேட்டார். சும்மா இல்லை, அதை எழுதினதால்தான் ஆட்கள் அப்படிப் பேசுகிறார்கள் என்று சொன்னேன், மனம் நோகாமல் இருக்கச் சொன்னது பாதி, உண்மை பாதி. ஆனால் வேலைக் கணக்கில் அந்தக் கொப்பியை டைப் செய்யத் தேவையில்லை என்பது அன்றைக்கே முடிவானது. அதுவே பெரிய மிச்சம்.

இன்னொன்று மூன்றாம் நிரலில் தெரிந்தது. 41இல் பதினொரு கேள்விக்கு ‘கிடைக்கவில்லை, திரும்ப யோசித்து எழுதினேன்’ என்று இருந்தது. முரண்பாடுகள் பிறந்த இடம் அதுதான். குறிப்பு இல்லாமல் இல்லை. வட்ஸ்அப்பில் ஆறு தரம் விரலால் மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, சீ, புதுசாகவே வைப்போம் என்று போனவை.

தமிழ் காட்டின வேலை

அப்போ தேடல்தான் முக்கியம் என்று தெரிந்தது. சரி, எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டுத் தேடிப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை கடையில் இருவரும் இருந்தோம். அன்றைக்குக் கற்றதுதான் இந்த ஆய்வை எழுதவே காரணம், ஏனென்றால் இதை ஆங்கிலக் காணொளி எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

பாமினிக் கோப்புகள் தேடலுக்குள் வராது. அந்த எழுத்துருவில் நாம் பார்ப்பது தமிழ், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றின பிறகும் கோமாறன் என்று தேடினால் சில கோப்புகளில் அகப்பட்டான், சிலவற்றில் இல்லை, திறந்து பார்த்தால் அங்கே நிற்கிறான். காரணம் கோ என்ற எழுத்து. யூனிகோடில் ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எண்கள் வேறு. பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் அடிப்போம், எங்களுக்குக் கிடைத்த மாற்றி அதை அப்படியே கொண்டுவந்து போட்டிருந்தது. எந்தத் தேடல் கருவி இதைச் சமாளிக்கும், எது சமாளிக்காது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதை விடக் கோப்புகளையே ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது சுலபம். பைதான் என்ற கணினி மொழியில் நாலு வரி, அதற்கென்றே உள்ள கட்டளை இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகும் மிஞ்சினவை காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்த இடங்கள். அதை எந்தக் கட்டளையும் திருத்தாது, கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம்.

அடுத்தது வேற்றுமை. ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’ வராது, ‘கடலுக்கு’ வராது. லகரத்தின் மேலே இருந்த புள்ளி போய் அந்த இடத்தில் உயிர்க்குறி உட்கார்ந்துவிடுகிறது, கணினிக்கு அது வேறு சொல். புள்ளியை விட்டுவிட்டு ‘கடல’ என்று தேடினால், பகுதிச் சொல்லையும் பிடிக்கும் கருவியாக இருந்தால், மூன்றும் வரும். இதைக் காட்டினதும் ரீச்சர் சிரித்தார். “உடல் மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே. இதை ஓ.எல்லுக்குப் பாடமாக்கினதுக்கு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம்.” எல்லாச் சொல்லுக்கும் இந்த உபாயம் எடுபடாது. மரம் மரத்தில் ஆகிவிடும், ‘மர’ என்று தேடினால் மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும்.

பிறகு கச்சான். நம்ம பக்கம் கச்சான் என்றால் காற்று, கச்சான் என்றால் வறுத்து விற்கிற கடலையும்தான். நாவலில் கோயில் திருவிழா வருகிறது, திருவிழா என்றால் கச்சான்காரி இல்லாமல் இருப்பாளா? ஆட்சி எப்போது மாறுகிறது என்று தேடினால் பாதி முடிவு கடலைச் சுருளைத்தான் காட்டியது. இதற்கு மென்பொருளில் தீர்வு இல்லை. குறிப்புகளில் காற்றைக் ‘கச்சான்காற்று’ என்றே சேர்த்து எழுதுவது என்று முடிவெடுத்தோம், கதைக்குள் எப்படி எழுதினாலும் பரவாயில்லை.

முடிவும் காரணமும்

டிசம்பர் முதல் கிழமை எடுத்த முடிவு இது.

ஆட்கள், இடங்கள், பொருட்கள் பற்றிய குறிப்புகளுக்கு ஒப்சிடியன். 2020இல் வந்த செயலி, தனிப்பட்ட பாவனைக்கு இலவசம், இணையம் இல்லாமல் ஓடும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, அது எழுதுவதைக் கணினியில் ஒரு சாதாரணக் கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைக்கும். நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறக்கலாம், என் நாலு வரிப் பைதான் அதன் மேலேயும் ஓடும். 2021இல் போனோடு போன தொகுதியை நினைத்தால் இந்த ஒரு காரணமே காணும்.

மாதம், வயது, ஆட்சி மூன்றுக்கும் அது வேண்டாம். ஏற்கெனவே இருந்த எக்செல் தாளை அகலப்படுத்தினோம்: வரிசையில் மாதங்கள், நிரலில் ஆட்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் காற்று, ஆட்சி, அத்தியாய எண். 17 கேள்விக்கு விடை ஒரே தாளில். தூரத்துக்கு இன்னொரு தாள், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நேரம், வாடையில் எத்தனை நாழிகை, கச்சானில் எத்தனை நாழிகை என்று. இது ரீச்சரின் யோசனை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கிற வரைக்கும் மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து போனவர் அவர், ஒரே தூரம் ஒரே நேரம் இல்லை என்பது அவருக்கு வயிற்றைப் பிரட்டின அனுபவமாகத் தெரியும்.

முறைப்பெயருக்கு ஒரு கட்டம்: இடப்பக்கம் கூப்பிடுகிறவர், மேலே கூப்பிடப்படுகிறவர், சந்திக்கிற பெட்டியில் சொல். பதினான்கு பேருக்குப் போட்டோம். போட்டு முடிக்க முதலே இன்னும் இரண்டு சின்னம்மாக்கள் பிடிபட்டார்கள்.

கொப்பிகள் கொப்பியாகவே இருக்கும். ஏதாவது ஒரு பக்கத்தை எழுதும்போது உண்மையிலேயே தேடி எடுத்தால் மட்டும் அந்தப் பக்கம் டைப் ஆகும், இல்லாவிட்டால் இல்லை.

ஒப்சிடியனில் எல்லோரும் புகழ்வது ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை. பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும், [[கோமாறன்]]. ஆனால் வாக்கியத்தில் வருவது கோமாறனுக்கு, கோமாறனோடு, கோமாறனிடம். ஒவ்வொரு முறையும் [[கோமாறன்|கோமாறனுக்கு]] என்று அடிக்க வேண்டும், அடைப்புக்குறிக்காக விசைப்பலகையைத் தமிழிலிருந்து மாற்றி, திரும்ப வந்து, நடுக்கோட்டுக்காக மறுபடி போய். ரீச்சர் ஒரு பந்தி செய்து பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆகவே குறிப்பின் வாக்கியங்களுக்குள் இணைப்பே போடுவதில்லை, ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ‘தொடர்பு’ என்று ஒரு வரி, அதில் மட்டும் உருபேறாத பெயர்கள். ஒரு ஆளுக்கு வேறு பெயர்கள் இருந்தால், கோமாறனைத் தாய் சின்னக்கோ என்பாள், அதைக் குறிப்பின் தலையில் மாற்றுப்பெயராகக் கொடுத்தோம், செயலியில் அதற்கு வசதி இருக்கிறது.

அதன் பின் நடந்தது

தை மாதம் நன்றாகப் போனது. பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, நாடு முழுவதும் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும், பாணந்துறையில் குரங்கொன்று பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்னது. ரீச்சர் அன்றைக்கு மடிக்கணினி பற்றரி இறங்கும் வரைக்கும் பத்தொன்பதாம் அத்தியாயம் எழுதினேன் என்று அடுத்த நாள் வந்து பெருமையாகச் சொன்னார். இணையம் இல்லாமல் ஓட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு குரங்கு சான்றிதழ் தந்தது.

மார்ச்சில் இடறியது. போனிலும் குறிப்பு எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார், நானும் யோசிக்காமல் ஒரு மேகச் சேமிப்பின் மூலம் இரண்டையும் இணைத்துவிட்டேன். டேட்டா இல்லாத ஒரு நாள் போனில் திருத்தினார், அன்று மாலையே அதே குறிப்பை மடிக்கணினியிலும் திருத்தினார். இரண்டும் சந்தித்தபோது ஒரே பெயரில் இரண்டு பிரதிகள். அவர் பழையதைத் திறந்து வாசித்து எழுதியதில், இருபதாம் அத்தியாயத்தில் செத்துப்போன ஓடாவிக் கிழவர் இருபத்திரண்டில் எழும்பி வந்து வள்ளத்துக்குப் பலகை வைத்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது, அவருடையது இல்லை. அன்றிலிருந்து போனில் குறிப்புக் கோப்புறையே கிடையாது. வெளியில் இருக்கும்போது ஏதாவது தோன்றினால் பழையபடி அந்த ஒற்றை ஆள் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து கேட்டு வேண்டியதை மட்டும் ஏற்றுவார், மிச்சத்தை அழிப்பார். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் அழிகிறது.

இன்னொரு சங்கடமும் வந்தது. எழுதும்போது கதை குறிப்பை மீறிப் போகும். குறிப்பில் கோட்டைக்கு ஏழு வாசல், கதை எழுதிக்கொண்டு போகும்போது ஐந்துதான் தேவைப்பட்டது. எது சரி? கொஞ்ச நாள் அவர் குறிப்புக்கு ஏற்றபடி கதையை வளைத்துக்கொண்டிருந்தார், இரண்டு வாசலுக்காக ஒரு பந்தி. ஏப்ரலில் ஒரு விதி வைத்தோம்: வேர்ட் கோப்பில் இருப்பதே சட்டம், அத்தியாயம் முடிந்ததும் பத்து நிமிடம் இருந்து குறிப்பைக் கதைக்கு ஏற்றபடி திருத்துவது. அந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலும் செய்கிறார். எப்போதும் இல்லை.

நாவல் 31 அத்தியாயத்தோடு யூலையில் முடிந்தது. பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை நான் வாசித்துக் கண்ட முரண்பாடு ஐந்து. முதல் பன்னிரண்டில் இருந்த 23ஓடு ஒப்பிட்டால் நல்ல குறைவு, ஆனால் முழுப் புகழையும் மென்பொருளுக்குக் கொடுக்க மாட்டேன், 23ஐ ஒரு தரம் காட்டின பிறகு அவர் கவனமாக எழுதினார் என்பதும் இருக்கிறது. ஐந்தில் மூன்று பத்து நிமிடம் தவறிய அத்தியாயங்களில் வந்தவை.

ஆறாவது ஒன்றை நான் பிடிக்கவில்லை, எந்தக் கருவியும் பிடித்திருக்காது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் எதிரிக் கப்பல்கள் குடாவுக்குள் நுழையக் கடல் பெருகும் வரை வெளியே காத்து நிற்கின்றன. எக்செல்லில் மாதம் சரி, காற்று சரி, ஆட்சி சரி. அச்சுப்படியை மூதூரில் பழைய லோஞ்ச் ஓட்டின ஒரு ஐயாவிடம் வாசிக்கக் கொடுத்திருந்தார். அவர் கேட்டாராம், “பிள்ளை, எங்கட குடாக்குள்ள வாறதுக்குக் கப்பல் எப்ப பெருக்குக்குக் காத்து நிண்டது?” இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர் கூட வராது, திருகோணமலைத் துறைமுகமோ உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் படிப்பிக்கிறவர் இவர். வேறு நாட்டுக் கடற்கதைகளை வாசித்ததில் ஒட்டிக்கொண்டது என்றார். கற்பனை நாடுதானே, இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார், கப்பல்கள் இப்போது காற்று மாறுவதற்காகக் காத்து நிற்கின்றன. உண்மையில் அது முன்னதை விட நன்றாக இருக்கிறது, ஏனென்றால் காற்று மாறினால் ஆட்சியும் மாறும்.

மாற்றிச் செய்வதானால்

தாளில் வைத்த கணக்கு முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வாரப் பரிசோதனையில் பார்த்த எந்த வசதியும் பிறகு முடிவைத் தீர்மானிக்கவில்லை, அந்த 41 வரி தீர்மானித்தது.

பாமினியிலிருந்து மாற்றுவதும் எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதும் மென்பொருளைத் தேர்வதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை. அது முடியாமல் எந்தச் செயலியில் தேடிப் பார்த்தாலும் பிழையான தீர்ப்புத்தான் வரும், நாங்கள் இரண்டு செயலிகளை அப்படித்தான் அநியாயமாகத் தள்ளினோம் என்று நினைக்கிறேன்.

கொப்பிகளைப் படம் எடுத்து வைப்போம் என்று ஒரு ஞாயிறு முழுக்க 420 படம் எடுத்தோம். இன்று வரை அதில் ஒன்றையும் யாரும் திறக்கவில்லை. காப்பு என்ற அளவில் இருக்கட்டும், ஆனால் அதை வேலை என்று எண்ணிக் களைத்ததுதான் வீண். காப்புக்கு இப்போது செய்வது வேறு: மாத முடிவில் கோப்புறையைப் பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுவருவார், நான் என் கணினியில் ஒரு பிரதி வைப்பேன். கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் உப்புக்காற்றுக்கு ஒரு கணினி ஏற்கெனவே போய்விட்டது.

தீராத சின்னத் தொல்லை ஒன்று இருக்கிறது, அகரவரிசை. பெயர்ப் பட்டியலை யூனிகோட் எண்ணின்படி வரிசைப்படுத்தினால் றகரம் ரகரத்துக்குப் பின்னாலும் னகரம் நகரத்துக்குப் பின்னாலும் வந்து நிற்கும், தமிழ் அகராதியில் இரண்டும் கடைசியில். இதற்காக எதையும் மாற்றப் போவதில்லை, ஆனால் ரீச்சர் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பார்.

போன மாதம் ஐந்தாவது சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறார், இரண்டாவது நாவலுக்கு. முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்து மூன்று நிரல் போட்டிருக்கிறார்: திகதி, கேள்வி, எங்கே கிடைத்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து புது நாட்டின் வரலாறு தொடங்குகிறது, நான் பார்த்தபோது பதினெட்டாம் பக்கத்தில் நின்றது.